சாஃப்ட்வேர் தெரிந்தால் போதுமா? சிஆர்எம் அனலிஸ்ட்டுகளைத் தயார் செய்யும் ஒரு டீம் லீடின் கேள்வி

கடிதத்தின் சுருக்கம்: பெருங்குடியில் நடுத்தர ஐ.டி. நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கும் 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே ஐந்து பேர். இரண்டு பேர் டெஸ்டிங்கில் இருந்து வந்தவர்கள். ஒருவர் எம்பிஏ முடித்த கையோடு சேர்ந்தவர். ஒருவர் கால் சென்டரில் ஆறு வருஷம் இருந்தவர். கடைசியாக, பி.காம். படித்த 24 வயதுப் பையன். இந்த ஐந்து பேரையும் பத்து வாரத்தில் சிஆர்எம் பிசினஸ் அனலிஸ்ட்டுகளாக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் ஒரே இடத்தில் கவனிக்கும் மென்பொருள். கிளையன்ட்டின் தேவையைக் கேட்டு, அதை எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்பவர் அனலிஸ்ட். அதற்கடுத்த வாரமே புது புராஜெக்ட். மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் செய்து தரும் ஒரு நிறுவனம், அண்ணா நகர், வேளச்சேரி, தாம்பரத்தில் ஷோரூம்கள். அவர்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம் மென்பொருளை அமைத்துத் தர வேண்டும்.

சென்ற வருஷம் ஒரு பெயின்ட் விநியோகஸ்தருக்கு இவருடைய அணி அமைத்துக் கொடுத்த சிஆர்எம், மூன்றே மாதத்தில் கைவிடப்பட்டது. விற்பனை ஆட்கள் பழையபடி எக்செல்லுக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கும் திரும்பிவிட்டார்கள். “உங்க ஆட்களுக்கு டூல் தெரியல” என்று நிர்வாகம் முடிவு கட்டி, ஐந்து பேரும் உடனே சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறது. தேர்வுக் கட்டணம் கம்பெனி கட்டும். ஆனால் இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் போனால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களை எச்ஆரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வாசகியின் கேள்விகள் மூன்று. சான்றிதழ் படிப்பை நடத்துவதா, கையால் செய்யும் பயிற்சியைத் தருவதா? பாண்டில் கையெழுத்துப் போடும்படி பிள்ளைகளிடம் சொல்லலாமா? கோடிங் தெரியாது என்று பயந்து அழும் அந்த பி.காம். பையனை அணியில் இருந்து எடுத்துவிடுவது அவனுக்கே நல்லதா? போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: “பயிற்சிக்கு டேட்டா கவலை இல்லை. பெயின்ட் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் எங்களிடம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் பழகுகிறார்கள்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல டீம் லீடின் கவலை தெரிகிறது. பத்து வாரம் குறைவுதான், ஆனால் போதாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பத்து வாரத்தை எதில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன், நீங்கள் கேள்வியாகவே கேட்காத விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது காத்திருக்கக் கூடாது.

பழைய வாடிக்கையாளர் பட்டியலை இன்றே நிறுத்துங்கள்

பெயின்ட் கம்பெனியின் பட்டியலில் இருப்பது உண்மையான மனிதர்களின் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம். அந்த கம்பெனி தன் வேலைக்காக உங்களிடம் கொடுத்தது. வேலை முடிந்த பிறகு அதை வைத்திருக்கவோ, வேறு பயிற்சிக்குப் பயன்படுத்தவோ உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு விதி இருக்கும், முடிந்ததும் டேட்டாவைத் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும் என்றும் இருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியமான கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு கிளையன்ட்டிடமும் போய் “யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம்?” என்று கேட்டு, அதற்கேற்ப அனுமதிகளை எழுத வேண்டியவர்கள். அவர்களுடைய முதல் பாடமே ஊரான் வீட்டு விலாசங்களைத் திறந்து வைத்துப் பழகுவதாக இருந்தால், அந்தப் பழக்கம் போகாது. மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, ஐந்து லேப்டாப்பில் இருந்தும் அந்தப் பிரதிகளை நீக்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு இடம் இல்லாமல் போகாது. பழகிப் பார்ப்பதற்கான சேல்ஸ்ஃபோர்ஸ் டெவலப்பர் எடிஷன் இலவசம். ஆளுக்கு ஒன்று திறந்துகொள்ளலாம். 2014-ல் தொடங்கிய ட்ரெயில்ஹெட் என்ற சேல்ஸ்ஃபோர்ஸின் இணையப் பாடங்களும் இலவசம். டேட்டாவை நீங்களே உருவாக்குங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன், அதுவே ஒரு நல்ல பயிற்சி.

டூல் தெரியாததால்தான் தோற்றதா?

நிர்வாகம் சொல்வதை நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் கடிதத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. விற்பனை ஆட்களின் எக்செல்லில் ஏழு தலைப்புகள் இருந்தன, நீங்கள் அமைத்ததில் ஒரு புது லீடை, அதாவது வாங்கக்கூடும் என்று விசாரித்து வரும் ஆளைச் சேர்க்கவே இருபத்திரண்டு கட்டாய ஃபீல்டுகள், அதாவது நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்கள் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்கத் தெரிந்தவருக்கு டூல் தெரிந்திருக்கிறது. எதைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதுதான் தெரியவில்லை.

வெயிலில் பைக்கை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, போனில் தட்டும் எக்ஸிக்யூட்டிவ் இருபத்திரண்டு கட்டத்தையும் நிரப்ப மாட்டார். பின்கோடு கேட்டால் 600001, மெயில் கேட்டால் ஏதோ ஒரு பொய் விலாசம், மாத வருமானம் கேட்டால் 1 என்று போட்டுவிட்டுக் கிளம்புவார். மூன்று மாதத்தில் ரிப்போர்ட் முழுக்கக் குப்பையாகும். மேனேஜர் அதை நம்பாமல் “எக்செல் அனுப்புப்பா” என்பார். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே சிஆர்எம் முடிந்துவிட்டது. அந்தத் தோல்வி நடந்தது மென்பொருளுக்கு வெளியே. உங்கள் பயிற்சியும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆகவே என் யோசனை, முதல் இரண்டு வாரம் யாரும் சேல்ஸ்ஃபோர்ஸைத் திறக்கவே வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: ஷோரூமும் அழுக்கு டேட்டாவும்

கிளையன்ட்டிடம் பேசி, ஒவ்வொரு அனலிஸ்ட்டும் இரண்டு முழு நாள் ஒரு ஷோரூமில் இருக்க அனுமதி வாங்குங்கள். அதில் ஒரு நாள் சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும், அன்றைக்குத்தான் குடும்பமாக வருவார்கள். இன்னொரு நாள், அளவெடுக்கப் போகும் ஆளோடு சைட்டுக்குப் போகட்டும். நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம். எம்பிஏ படித்த உங்கள் பிள்ளை ஒரு ஷோரூம் ஆளிடம் போய் “உங்க பிராசஸ்ல என்ன சேலஞ்ச்?” என்று ஆங்கிலம் கலந்து கேட்டால், “ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் போகுது” என்ற பதில்தான் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அவர் போன் நம்பரை முதலில் கையில் எழுதுவது, பிறகு விசிட்டிங் கார்டின் பின்னால், ராத்திரி வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, எல்லாம் தெரியும். சிஆர்எம் பிடிக்க வேண்டிய இடங்கள் அவைதான்.

இந்தத் தொழிலில் அவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வீடியோ பாடத்திலும் இது வராது. கிச்சன் வாங்குகிறவர்களில் பலர் கிரகப்பிரவேசத்தை மனதில் வைத்துத்தான் வருகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் பால் காய்ச்சுவதில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு வேலை முடிய வேண்டியவர் ஆடிக்கு முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும். தை முகூர்த்தக்காரர் ஆடியில் வந்து விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவார். இது தெரியாத அனலிஸ்ட் “முப்பது நாள் அசையாத லீடுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பு” என்று எழுதுவார். ஆடி வந்ததும் எல்லா லீடும் சிவப்பாகும். எக்ஸிக்யூட்டிவ் ஒவ்வொன்றாகத் திறந்து தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு, அதோடு அந்த எச்சரிக்கையை மதிப்பதை நிறுத்திவிடுவார். தெரிந்த அனலிஸ்ட் ஒரே ஒரு ஃபீல்டைக் கேட்பார்: கிரகப்பிரவேசம் எப்போது? அந்தத் தேதியில் இருந்து தயாரிப்புக்கும் பொருத்துவதற்கும் ஆகும் நாட்களைக் கழித்தால், அட்வான்ஸ் எப்போது வந்தாக வேண்டும் என்று தானாகத் தெரியும். எக்ஸிக்யூட்டிவுக்கும் அது உதவும். தனக்கு உதவுகிற ஃபீல்டை யாரும் கட்டாயப்படுத்தாமலே நிரப்புவார்.

சாயங்காலங்களில் அழுக்கு டேட்டா பயிற்சி. கற்பனைப் பெயர்களை வைத்து இருநூறு வரிகள் நீங்களே தயாரியுங்கள். வேண்டுமென்றே கெடுத்து வையுங்கள். உதாரணத்துக்கு நான்கு வரி:

எஸ். ரமேஷ், திருவான்மியூர், ஷோரூமுக்கு நேரில் வந்தார்.
ரமேஷ் எஸ், தி.மியூர், ஃபேஸ்புக் விளம்பரம்.
திருமதி ரமேஷ், வேறு போன் நம்பர், “வெள்ளை ஷட்டர் வேணும்”.
ஆர்க்கிடெக்ட் பார்ட்டி, ரமேஷ் சார் வீடு, விலாசம் இல்லை.

இது ஒரு வாடிக்கையாளரா, நான்கா? லீடைக் கொண்டுவந்த பெருமை யாருக்கு, கமிஷன் யாருக்கு? கணவர் அண்ணா நகரில் பேசினார், மனைவி வேளச்சேரியில் பேசினார் என்றால் எந்த ஷோரூமின் டார்கெட்டில் சேரும்? ஐந்து பேரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து வாதாட விடுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவதைப் பிடிக்கும் டூப்ளிகேட் ரூல் எழுதுவது பத்து நிமிஷ வேலை. எதை டூப்ளிகேட் என்று அழைப்பது என்ற முடிவுக்குத்தான் அனலிஸ்ட் தேவை. அதுவும் அந்த முடிவு பணத்தைத் தொடுவதால், கிளையன்ட்டின் விற்பனைத் தலைவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே நான்கு வரியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் லீடுக்கு லாஸ்ட் நேம் கட்டாயம். நம் ஊரில் இனிஷியல்தான். ஒருவர் இனிஷியலை அங்கே போடுவார், ஒருவர் பெயரையே இரண்டு முறை போடுவார், ஒருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறகு தேடினால் கிடைக்காது. முதல் நாளே ஒரு விதி வகுக்க வேண்டும். முழுப் பெயர் லாஸ்ட் நேமில், இனிஷியல் ஃபர்ஸ்ட் நேமில் என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நீங்கள் வேறு மாதிரியும் வைக்கலாம், எல்லோரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் முதல்: சாஃப்ட்வேர்

இப்போது சேல்ஸ்ஃபோர்ஸைத் திறக்கலாம். லீடு, அக்கவுன்ட் (வாடிக்கையாளர்), கான்டாக்ட் (தொடர்பு நபர்), ஆப்பர்ச்சுனிட்டி (விற்பனை வாய்ப்பு). ஒரு லீடை கன்வர்ட் செய்தால் மற்ற மூன்றும் எப்படிப் பிறக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம், மாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் ரோல், புரொஃபைல், பெர்மிஷன் செட், ஷேரிங் ரூல் நான்கும் எப்படி வேறுபடுகின்றன. தப்பான பதிவைத் தடுக்கும் வேலிடேஷன் ரூல், வேலையைத் தானாக நடத்தும் ஃப்ளோ, ரிப்போர்ட். இந்த அளவு மூன்று வாரத்தில் பழகிவிடும். டெஸ்டிங்கில் இருந்து வந்த இருவரும் மற்றவர்களுக்கு இதில் துணையாக இருப்பார்கள்.

ஒரு முடிவை மட்டும் தனியாக எடுத்து ஒரு நாள் முழுக்கப் பேசுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் அடிப்படையில் கம்பெனிக்கு விற்கும் கம்பெனிகளை மனதில் வைத்து அமைந்தது, லீடில் கம்பெனிப் பெயரும் கட்டாயம். உங்கள் கிளையன்ட் விற்பது குடும்பங்களுக்கு. இதற்காக, தனிநபரையே வாடிக்கையாளராகப் பதியும் பெர்சன் அக்கவுன்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதை ஒருமுறை இயக்கினால் பிறகு நிறுத்த முடியாது. அதே கிளையன்ட் அடுக்குமாடி கட்டும் பில்டர்களிடமும் மொத்த ஆர்டர் எடுக்கிறாரா? எடுத்தால் இரண்டு வகையும் ஒன்றாக எப்படி இருக்கும்? இப்படி திரும்ப முடியாத முடிவுகள் எவை என்று அடையாளம் காணத் தெரிந்தவரை நான் தேர்ந்த அனலிஸ்ட் என்பேன். மெனு மறந்தால் தேடிக்கொள்ளலாம்.

முடிந்தால் நான்கைந்து நாள் வேறொரு சாஃப்ட்வேரிலும் அதே தேவையை அமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜோஹோ சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசப் பதிப்பு இருக்கிறது. 1996-ல் தொடங்கிய ஜோஹோவும் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் சென்னையில் வளர்ந்த நிறுவனங்கள். இந்த ஊரில் சிஆர்எம் வேலை என்றால் சேல்ஸ்ஃபோர்ஸ் மட்டும்தான் என்று உங்கள் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. இரண்டில் செய்து பார்த்தால், எது வாடிக்கையாளரின் தேவை, எது டூலின் குணம் என்று பிரித்துப் பார்க்கும் கண் வரும்.

ஆறாவது வாரத்தில் இருந்து ஒத்திகை புராஜெக்ட். நீங்கள்தான் கிளையன்ட்டின் சேல்ஸ் மேனேஜர். கொஞ்சம் பொறுமையில்லாத மேனேஜராக நடியுங்கள். “எனக்கு எல்லா லீடும் தினமும் மெயில்ல வரணும்” என்று ஆரம்பியுங்கள். அதை அப்படியே குறித்துக்கொள்பவரைத் திருப்பி அனுப்புங்கள். “வந்தா முதல்ல எதைத் தேடுவீங்க சார்?” என்று கேட்பவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: “அளவெடுத்துட்டு வந்து ஒரு வாரமாகியும் டிராயிங் போகாம கிடக்கிறது எதுன்னு பார்ப்பேன்.” இதுதான் தேவை. மெயில் அவர் யோசித்த தீர்வு.

இப்போது அதை யூசர் ஸ்டோரியாக, அதாவது பயன்படுத்துபவர் தன் தேவையைச் சொல்வது போல, எழுதச் சொல்லுங்கள். “ஷோரூம் மேனேஜராகிய நான், அளவெடுத்து ஐந்து வேலை நாளாகியும் டிராயிங் போகாத வாடிக்கையாளர்களை என் முகப்பிலேயே பார்க்க வேண்டும்.” நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஷோரூம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், டிசைன் டீமுக்கு அன்று லீவு என்றால், ஐந்து வேலை நாள் யாருடைய கணக்கு? சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அளவெடுத்தால் அன்றைய நாள் சேருமா? வாடிக்கையாளரே “மனைவியைக் கேட்டுச் சொல்றேன், அதுவரை டிராயிங் வேண்டாம்” என்றிருந்தால்? இந்தக் கேள்விகளுக்கு அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவில் (வேலை முடிந்ததாக ஏற்கும் நிபந்தனைகளில்) பதில் இல்லையென்றால், டெவலப்பர் தன் இஷ்டத்துக்கு ஒரு பதிலை வைப்பார், அது கிளையன்ட் சோதித்துப் பார்க்கும் யுஏடியில் சண்டையாக வெடிக்கும்.

ஆப்பர்ச்சுனிட்டி ஸ்டேஜ்களையும் இப்படியே கறாராகப் பாருங்கள். ‘ஹாட்’, ‘வார்ம்’ என்பது எக்ஸிக்யூட்டிவின் மனநிலை. ‘கொட்டேஷன் கொடுத்தாச்சு’ என்பது நாம் செய்த வேலை. ‘அளவெடுக்க நாள் கொடுத்தார்’, ‘டிராயிங்கை ஒப்புக்கொண்டார்’, ‘அட்வான்ஸ் கட்டினார்’, இவை வாடிக்கையாளர் செய்தவை. பைப்லைன் கணக்கு (கைக்கு வரப்போகும் விற்பனையின் கணிப்பு) நம்பும்படி இருக்க வேண்டுமானால் ஸ்டேஜ்கள் இந்தக் கடைசி வகையில் அமைய வேண்டும்.

சின்ன நினைவூட்டல் ஒன்று. கிளையன்ட் சிஆர்எம்மில் இருந்து எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்வார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் நினைவு வந்தால் கோ-லைவ், அதாவது சிஆர்எம் பயன்பாட்டுக்கு வரும் நாள், தள்ளிப் போகும்.

சான்றிதழ் வேண்டாமா?

வேண்டும். ஆனால் ஐந்து பேருக்கும் இப்போதே வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வில் 105 நிமிஷத்தில் 60 கேள்விகள், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. டூலின் அமைப்பு தெரிகிறதா என்பதை அது நேர்மையாகச் சோதிக்கிறது. ஷோரூமில் ஒரு மனிதரிடம் கேள்வி கேட்கத் தெரிகிறதா என்பதை அதனால் சோதிக்க முடியாது. இரண்டு மாதம் அதற்காகவே படித்தால், பிள்ளைகள் கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்வார்கள், தேர்ச்சியும் பெறுவார்கள், பதினோராவது வாரம் கிளையன்ட் முன்னால் திணறுவார்கள்.

சான்றிதழால் கம்பெனிக்கு வியாபார நன்மை உண்டு, நிர்வாகம் கேட்பதில் தவறில்லை. அதனால் ஒரு நடுவழி சொல்லுங்கள்: டெஸ்டிங்கில் இருந்து வந்த இருவர் இப்போதே எழுதட்டும், அவர்களுக்கு அது எளிதாக வரும். மற்ற மூவர் கோ-லைவுக்குப் பிறகு எழுதட்டும். அதற்குள் பாதிப் பாடம் கையாலேயே செய்து தெரிந்திருக்கும். பிசினஸ் அனாலிசிஸ் பக்கம் ஆர்வம் இருப்பவர்களுக்கு பிசினஸ் அனலிஸ்ட்டுகளின் சர்வதேச அமைப்பான ஐஐபிஏவின் இசிபிஏ சான்றிதழும் ஒரு வழி, அதற்கு முன் அனுபவம் கேட்பதில்லை. அதே அமைப்பின் சிபிஏபி சான்றிதழுக்கு 7,500 மணி நேர அனலிஸ்ட் அனுபவம் வேண்டும், அது உங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது.

பாண்டும் அசல் சான்றிதழும்

நான் வழக்கறிஞர் இல்லை. கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டுவது நல்லது. ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன்.

“பாண்டு கோர்ட்டில் நிற்காது, சும்மா கையெழுத்துப் போடுங்கள்” என்று ஆபீசில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் போனால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆள் எடுப்பதில் உள்ள செலவையும் சிரமத்தையும், அந்த அதிகாரியின் பதவியையும் சம்பளத்தையும் கருத்தில் கொண்ட தீர்ப்பு அது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்று இதற்குப் பொருள் இல்லை. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகைக்கு மேல் போகாமல், நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். வேலையை விட்ட பிறகு இன்ன கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அது 27-வது பிரிவில் அடிபடும்.

உங்கள் விஷயத்தில் என் கண்ணில் படுவது அளவுதான். அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வுக் கட்டணம் பல வருஷமாக 200 டாலர். வரியோடு சேர்த்தால் சுமார் இருபதாயிரம் ரூபாய். படிப்புப் பொருள் இலவசம். இதற்கு 1,50,000 ரூபாய் என்பது பயிற்சிச் செலவை ஈடுகட்டும் தொகையாகத் தெரியவில்லை, ஆளைப் பிடித்து வைக்கும் தொகையாகத் தெரிகிறது. எச்ஆரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். தொகை உண்மையான செலவாக இருக்கட்டும். மாதா மாதம் குறைந்துகொண்டே வரட்டும், ஒரு வருஷத்தில் பூஜ்யமாகட்டும். கம்பெனியே வேலையை விட்டு எடுத்தால் பாண்டு பொருந்தாது என்று எழுதட்டும். இவை நியாயமான கோரிக்கைகள். ஒரு நல்ல எச்ஆர் இதற்கு இறங்கி வருவார்.

அசல் சான்றிதழில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள். சரிபார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு, அன்றே திருப்பித் தர வேண்டியது அது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் அணியில் இருப்பவர்களில் யாருக்காவது நாளை மேல்படிப்போ, அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்போ வந்தால் என்ன செய்வார்கள்? அவர்கள் உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அதனால் “போடுங்கள்” என்றும் “போடாதீர்கள்” என்றும் நீங்கள் சொல்ல வேண்டாம். தாளை இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் அவகாசம் வாங்கிக் கொடுங்கள். அது உங்கள் பொறுப்பு.

அந்த பி.காம். பையன்

அவனை எடுத்துவிடாதீர்கள். கோடிங் தெரியாதது அனலிஸ்ட்டுக்குக் குறை என்று அவன் நினைப்பதும், ஒருவேளை நீங்களும் நினைப்பதும் தவறு. சேல்ஸ்ஃபோர்ஸின் கோடிங் மொழியான ஏபெக்ஸ் எழுத டெவலப்பர் இருக்கிறார். ஒரு வேலிடேஷன் ஃபார்முலாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு வந்தால் போதும். எக்செல்லில் ஃபார்முலா போடத் தெரிந்தவனுக்கு அது சில வாரத்தில் வரும்.

இந்த புராஜெக்ட்டில் அவனுக்கென்றே ஒரு இடம் இருப்பதைப் பாருங்கள். கிச்சன் வியாபாரத்தில் கொட்டேஷன், அட்வான்ஸ் ரசீது, டிசைன் மாறியதால் திருத்திய தொகை, ஜிஎஸ்டி, கேன்சல் ஆனால் திருப்பித் தரும் பணம் எல்லாம் சிஆர்எம்மில் தொடங்கி கணக்குப் பிரிவின் டாலி மென்பொருளில் போய் முடியும். அந்த இணைப்பு இடத்தில்தான் அதிகம் தகராறு வரும். எக்ஸிக்யூட்டிவ் ‘அட்வான்ஸ் வந்தது’ என்று சிஆர்எம்மில் குறிப்பார், கணக்காளர் ‘செக் இன்னும் பாஸாகவில்லை’ என்பார். அட்வான்ஸ் வந்ததாக யார், எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? கணக்காளரோடு உட்கார்ந்து, அவர் வார்த்தையிலேயே பேசி இதை முடிவு செய்ய உங்கள் ஐந்து பேரில் அவனுக்குத்தான் படிப்பு இருக்கிறது.

இந்த வாரமே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “கொட்டேஷன்ல இருந்து டாலி வரைக்கும் உன் பொறுப்பு” என்று சொல்லுங்கள். மூன்றாம் வாரத்துக்குள் கிளையன்ட்டின் கணக்காளரோடு ஒரு மணி நேரம் அவனுக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள், பேசுவது அவனாக இருக்கட்டும். ஒரு முழுப் பணப் பாதையை அவன் கையால் படமாக வரைந்து கொண்டுவரும்போது பயம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இந்த வேலை பிடிக்கவில்லை என்று அவனே சொன்னால், அப்போது வேறு அணியைப் பற்றிப் பேசலாம்.